நீலப் பாத்தியில் நீலம் இல்லை

டிசம்பர் 8, திங்கள்

காலை பதினொரு டிகிரி. நாங்கள் இருக்கும் சாங்வி ஆற்றோரம் என்பதால் எங்களுக்கு இன்னும் ஒன்று குறைவாகவே இருக்கும். இரண்டு ஸ்வெட்டர். மூக்கில் நீர்.

இன்று: கம்பெனி அறிக்கை பிழை திருத்தம், 40 பக்கம், மதியத்துக்குள். இட்லி அரிசி. மகள் இனியாவின் கல்லூரிப் படிவத்தில் கையெழுத்து. பூ வந்துவிட்டதா என்று கீழே போய்ப் பார்ப்பது.

பூ வந்துவிட்டது. சூடான பாத்தி நான் வரைந்தபடியே. கேட்டைத் தாண்டியதும் சிவப்பு சால்வியா, அடுத்து ஆரஞ்சு செண்டுமல்லி, அதன்பின் மஞ்சள். எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு வாய்த்த தோட்டம் ஒல்லியான ஒரு துண்டு நிலம், கேட்டிலிருந்து பின்சுவர் வரை. சூடான நிறங்கள் பார்ப்பவரை நோக்கி வரும். குளிர்ந்த நிறங்கள் விலகிப் போகும். எனவே கேட்டருகே சூடு, நடுவில் ஒரு பட்டை வெள்ளை, சுவரோரம் நீலமும் ஊதாவும். சுவர் பத்தடி பின்னால் போனதுபோல் தோன்ற வேண்டும். கமிட்டியில் இதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. என்னை நானே தோட்டப் பொறுப்பாளர் ஆக்கிக்கொண்டதும் அன்றுதான்.

குளிர்ந்த பாத்தி சரியில்லை. வெள்ளை பெட்டூனியா கிரீமாக இருக்கிறது. நீல சால்வியா, அடுப்புச் சாம்பல். ஊதா பெட்டூனியாவில் ஊதாவே இல்லை, வதங்கிய பீட்ரூட். சுவர் எங்கும் போகவில்லை. அழுக்காக அங்கேயே நிற்கிறது.

சூடான பாத்திக்கு நாற்று வாங்க ஹடப்சர் தாண்டி நர்சரிக்கு நானே போனேன். குளிர்ந்த பாத்திக்குத் தோட்டக்காரர் ஏழுமலை தனியாகப் போனார். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

டிசம்பர் 11, வியாழன்

தலைவலி. கண்ணாடிக் கடைக்காரர் மீண்டும் பவரைத் தப்பாகப் போட்டிருக்கிறார். ஒரு வருடத்தில் இரண்டாம் முறை. இஸ்திரிக்காரரிடமும் பேச வேண்டும். வீட்டுக்காரருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் மஞ்சளடித்துத் திரும்பி வருகின்றன. சோப்பில் கலப்படம், அல்லது பழைய இஸ்திரிப் பெட்டி.

மாலை 6.10க்குக் கீழே போனேன். இது ஒரு சோதனை. இருட்டத் தொடங்கும்போது சிவப்புதான் முதலில் கறுக்கும். நீலம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். எம்.எஸ்சி. முதலாண்டுப் பாடம், மறக்கவில்லை. இன்று சுவரோரப் பாத்தி சிவப்புக்கு முன்னாலேயே செத்துவிட்டது. உண்மையான நீலமாக இருந்தால் இப்படி நடக்காது.

இரவு உணவில் இவரிடம் சொன்னேன்.

"நீலமாத்தான இருக்குது? நான் வண்டி வைக்கையில பாத்தனே."

"எந்தப் பூவைப் பாத்தீங்க?"

"பூவைத்தான் பாத்தேன். அதுக்கு விலாசமெல்லாம் கேக்கறியே புள்ள."

இவர் எதையும் உற்றுப் பார்ப்பவர் அல்ல. சண்டை வராத பதிலாகத் தேடிப் பிடித்துச் சொல்பவர். இருபத்திரண்டு வருட அனுபவம்.

டிசம்பர் 14, ஞாயிறு

வெயில் நன்றாக. மொட்டை மாடியில் மிளகாய்.

எல்லோரும் தூங்கி எழுவதற்குள் சுவரோரத்திலிருந்து எட்டு பீட்ரூட் பெட்டூனியாக்களை வேரோடு பிடுங்கினேன். சாட்சிக்கு. ஆறைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து மேலே அகராதியை ஏற்றியிருக்கிறேன். இரண்டு குப்பைக்கு. பாத்தியில் பல் விழுந்த மாதிரி இடைவெளி.

இரண்டாம் மாடி தேஷ்பாண்டே பாய் (மராட்டியில் பாய் என்றால் அம்மாள்) நடைப்பயிற்சியிலிருந்து திரும்பும்போது பார்த்துவிட்டார். மராட்டியில் ஏதோ கேட்டார். நோய் பிடித்த செடி என்றேன் இந்தியில். "அரே, நல்லா இருந்துச்சே!" என்றார். நல்லா இருந்ததாம். அவர் வீட்டு பால்கனியில் பிளாஸ்டிக் ரோஜா.

டிசம்பர் 17, புதன்

ஏழுமலையிடம் நேரடியாகக் கேட்டேன்.

ஏழுமலையைப் பற்றி இதுவரை சரியாக எழுதவில்லை. ஐம்பது தாண்டியவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். பதினோரு வருடமாக எங்கள் சொசைட்டியில் தோட்ட வேலை. அவருடைய தமிழ் எனக்குப் பாதிதான் புரியும். என்னுடைய தமிழ் அவருக்குச் செய்தி வாசிப்பது போல இருக்கிறதாம். ஒருமுறை காவலாளியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார், கேட்டது.

"சுவர் ஓரத்தில் நீங்கள் நட்டது நான் எழுதிக் கொடுத்த செடிதானா?"

"ஆமா மேடம். லிஸ்ட்ல இன்னா இருந்துச்சோ அதான். சீதா நர்சரிலேர்ந்து டெம்போல ஏத்தினு வந்தேன்."

"நேராக இங்கேயா? வழியில் எங்கேயும் நிறுத்தவில்லையா?"

கொஞ்சம் நிறுத்தினார். அந்த நிறுத்தத்தை நான் கவனித்தேன்.

"கட்கில வூட்டாண்ட நிறுத்தி சாப்ட்டேன். பசிச்சுது."

"பூவில் நீலம் இல்லையே."

களை கொத்தும் குர்பியைக் கீழே வைத்தார். பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாத்தியை. "இன்னா மேடம் சொல்றீங்க? ஏக்தம் நீலம். வானம் மாதிரி கீது."

"வானம் மாதிரி" என்று சொன்னவிதம் மிகச் சுலபமாக இருந்தது. முன்பே யோசித்து வைத்திருந்தால்தான் அப்படி வரும்.

அப்புறம் அவரே: "இந்த எட்டு செடிய எவன் புடுங்குனான்னு தெரில மேடம். மூணு நாளா வாட்ச்மேன்ட்ட கேட்டுனு கீறேன்."

மாடிக்குத் திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி

கட்கி போனேன். பஸ்ஸில். இவரிடம் சொன்னது: பஜாரில் திரை தைக்கத் துணி. துணியும் வாங்கினேன், அதனால் பொய் இல்லை.

ஏழுமலையின் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பஜாருக்குப் பின்னால் வரிசை வீடுகள், தெருவில் பாதிப் பேர் தமிழ். "தோட்டக்கார மாலி வூடா? அதோ, டப்பாவா வெச்சினு கீதே, அந்த வூடு." வாசலில் எண்ணெய் டின்கள். எல்லாவற்றிலும் பூ.

அவர் மனைவி மல்லிகா. உட்காரச் சொல்லி டீ போட்டுவிட்டுத்தான் யார் என்று கேட்டார். சொன்னேன்.

"அய்ய, நீங்கதானா அந்தக் கலர் மேடம்! தெனம் உங்க பேச்சுதான். சூடு முன்னாடி, தண்டா பின்னாடி. டப்பாவ மாத்தி மாத்தி வெச்சு, கேட்டாண்ட போய் நின்னுனு பாப்பாரு. வூடு பெர்சா தெரியுதாடின்னு கேப்பாரு. இருக்கறது ஒண்ணர ரூமு. நான் துணி காயப்போட எடமில்ல."

சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

டின்களை எண்ணினேன். முன்வரிசையில் செண்டுமல்லி, ஜினியா. பின்வரிசையில் மூன்று டின் சால்வியா. எங்கள் பாத்தியில் இருக்கும் அதே இனம். அதே சாம்பல்.

"இது எங்கே வாங்கியது?"

"வாங்கலமா. டிரேல காம்பு ஒடஞ்சத நர்சரிக்காரன் சும்மா குடுத்தானாம்."

சும்மா. டீ நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டது. முழுவதும் குடிக்கவில்லை.

பஸ்ஸில் யோசித்தது:
1. டெம்போ கட்கியில் நின்றது உண்மை.
2. செடி இறங்கியதும் உண்மை.
3. இறங்கியவை எங்கள் பாத்தியில் இருப்பவற்றைப் போலவே மட்டம். அப்படியானால் நல்லவை மூன்றாவது இடத்துக்குப் போயிருக்கின்றன.
4. மனைவி அளவுக்கு மீறிப் பேசினார்.

டிசம்பர் 22, திங்கள்

செக்ரெட்டரி ஜோஷியிடம் கடிதம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். "தரம் குறைந்த மாற்றுச் செடிகள் நடப்பட்டிருப்பதாகக் கருதக் காரணம் உள்ளது" என்ற அளவில்தான். திருட்டு என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. அந்தச் சொல் தேவைப்படவில்லை என்பது ஜோஷி படித்த வேகத்திலேயே தெரிந்தது.

"மேடம், இதைத்தான் ஒரு வருஷமா தேடிட்டிருந்தேன்," என்றார். அவர் இந்தியில் பேசியதை நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். தோட்டம், காவல், துப்புரவு எல்லாவற்றையும் ஒரே ஏஜென்சியிடம் விட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் திட்டம். பழைய ஆட்களை நீக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. "எழுத்துல குடுத்தீங்க பாருங்க, அதுதான் படிச்சவங்க."

ஜனவரி 4, ஞாயிறு, பொதுக்கூட்டம். ஏழுமலையை நிறுத்துவதா என்று கை தூக்கிக் கேட்பார்கள். அதுவரை அவர் வேலையில் இருப்பார்.

படியேறும்போது மனதில் ஒரு நெருடல். கடிதத்தைப் பற்றி அல்ல, ஜோஷியைப் பற்றி. என் புகாரில் அவருக்கு ஏன் இத்தனை சந்தோஷம்?

டிசம்பர் 24, புதன்

குளிர் குறைந்திருக்கிறது. மேகம்.

வீட்டில் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இனியா மட்டும் காலையில், செருப்பு மாட்டிக்கொண்டே:

"அம்மா, சீரியஸ்லி? அந்த அங்கிளோட ஜாப் போய்டும். ஃபார் வாட்? அது லிட்ரலி ப்ளூமா."

"நீ எப்போது போய்ப் பார்த்தாய்?"

"டெய்லி! கேட்ல நின்னா ஸ்ட்ரெய்ட்டா தெரியுது. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அங்க நின்னு ஃபோட்டோ எடுக்கறாங்க."

போனைக் காட்டினாள். படத்திலும் சாம்பல்தான். அதைச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பத்தொன்பது வயதில் எல்லோருக்கும் ஏழைகள் பக்கம் நிற்கப் பிடிக்கும், நானும் நின்றிருக்கிறேன்.

மாலை நான்கு மணிக்கு மணி அடித்தது. ஏழுமலை. கால்களைக் கழுவிவிட்டு வந்திருந்தார், ஈரம் படியில் தெரிந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"என் மேல சிட்டி எழுதிக் குடுத்துகீறீங்களாமே மேடம்."

"ஆமாம்."

"ஏஜென்சில நாப்பதுக்கு மேல ஆள் எடுக்க மாட்டான். எனக்கு அம்பத்தி நாலு." கதவு நிலையைப் பார்த்தார். "நான் சொன்னா நம்ப மாட்டீங்க, சரி. என்னிய வுடுங்க. நீங்க நம்பற ஆளுங்க நாலு பேர இட்டாந்து இது இன்னா கலருன்னு கேளுங்க. அவங்க இல்லன்னு சொன்னா நானே போய்டறேன். கூட்டம் எதுக்கு?"

நியாயமான பேச்சு. அதனாலேயே சந்தேகமாக இருந்தது. ஆனால் மறுக்க வழியில்லை.

"கேட்கிறேன். முறைப்படி கேட்கிறேன்," என்றேன்.

"எப்டியாச்சும் கேளுங்க. கேட்டா போதும்."

டிசம்பர் 27, சனி

சோதனை.

முறை: இட்லித் தட்டு மூன்று, பன்னிரண்டு குழி. குழிக்கு ஒரு பூ. இரண்டு பாத்திகளிலிருந்தும் நானே பறித்தது. தட்டின் ஓரத்தில் சாக்பீஸ் எண். இடம் வடக்கு பால்கனி, நேர் வெயில் படாது. நேரம் காலை பத்து. முதலில் நான் என் விடைகளை எழுதி மடித்து உறையில் போட்டேன். பிறகு ஒவ்வொருவராக, தனித்தனியாக. பேச்சு கூடாது. பூவின் பெயர் சொல்லவில்லை. நிறம் மட்டும் எழுத வேண்டும்.

ஆட்கள்: இவர், இனியா, தேஷ்பாண்டே பாய். ஏழுமலை வேண்டாம் என்று முடிவு செய்தேன். குற்றம் சாட்டப்பட்டவர்.

இவர் தட்டைப் பார்த்ததும்: "இட்லி எங்கே?" தேஷ்பாண்டே பாய் கேட்டது, இது தமிழ்நாட்டுப் பூஜையா, கடைசியில் பிரசாதம் உண்டா. இரண்டு பேரையும் அதட்டி உட்கார வைத்தேன்.

முடிவு (மாறுபட்டவை மட்டும்):

எண் 3: நான் கிரீம். இவர் வெள்ளை. இனியா வெள்ளை. பாய் வெள்ளை.
எண் 5: நான் சாம்பல். இவர் நீலம். இனியா ஸ்கை ப்ளூ. பாய் நீலம்.
எண் 8: நான் பழுப்புச் சிவப்பு. இவர் கத்தரிப்பூ. இனியா பர்ப்பிள். பாய் மராட்டியில் நாவல்பழ நிறம் என்று எழுதியிருந்தார்.
எண் 11: நான் கறுப்பு கலந்தது. இவர் கருநீலம். இனியா டார்க் ப்ளூ. பாய் நீலம், அடிக்கோடு போட்டு.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய எட்டுக் குழிகளிலும் நால்வரும் ஒன்று.

முதலில் தோன்றியது: பேசி வைத்துக்கொண்டார்கள். இனியா ஏழுமலைக்குப் பரிந்து பேசுபவள். இவர் இனியா சொன்னால் கேட்பவர். பாய்க்கு என் மேல் பிரியம் இல்லை. மூன்று பேர் ஒத்துப்போவதற்கு ஒரு சாயங்காலம் போதும்.

ஆனால் எண்கள் இன்று காலையில்தான் போட்டவை. எந்தக் குழியில் எது என்று எனக்கு மட்டுமே தெரியும்.

டிசம்பர் 28, ஞாயிறு

மறுபடியும். வரிசையை மாற்றினேன். இம்முறை ஒரு பொறி. ஒரே செடியின் பூக்கள் மூன்றை மூன்று தட்டுகளில் வேறு வேறு எண்ணில் வைக்கச் செய்தேன். வைத்தது இவர். நான் சமையலறையில் நின்றேன், முதுகைக் காட்டிக்கொண்டு. இம்முறை எனக்கும் எது எங்கே என்று தெரியக் கூடாது.

பாய் இரண்டாம் தட்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். "ஒரே பூவைத் திரும்பத் திரும்ப வெச்சு என்னை ஏமாத்தப் பாக்கறீங்களா?" மூன்றுக்கும் ஒரே விடை எழுதினார். இனியாவும். இவர் மூன்றுக்கும் "அதே" என்று எழுதிவைத்தார்.

நான் மூன்றுக்கும் மூன்று விடை எழுதியிருந்தேன். சாம்பல். பச்சை கலந்த சாம்பல். அழுக்கு வெள்ளை.

ஒரு கருவி ஒரே பொருளை மூன்று விதமாகக் காட்டினால் ஆய்வகத்தில் என்ன செய்வோம்? பொருளைக் குறை சொல்ல மாட்டோம்.

பூக்களைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. மதியம் மூன்று வரை பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி. வலது கண்ணில் எல்லாமே தேநீர் டிகாஷனில் நனைத்து எடுத்தது போல. இடது கண்ணில் கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவில், ஒரு ஓரமாக, நீலம் இருந்தது. மிகக் கொஞ்சம். இருந்தது.

இவர் வந்து பக்கத்தில் நின்றார். தட்டுகளைக் கழுவி வைத்தார்.

டிசம்பர் 30, செவ்வாய்

ஔந்தில் கண் டாக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சொட்டு மருந்து, காத்திருப்பு, மறுபடி சொட்டு மருந்து. இரண்டு கண்ணிலும் புரை. வலதில் நன்றாக முற்றியது.

"எனக்கு நாற்பத்தொன்பதுகூட ஆகவில்லை," என்றேன்.

"மைனஸ் பத்து இருக்கே. அதிக மைனஸ் இருந்தா சில பேருக்கு சீக்கிரம் வரும். கண்ணுக்குள்ள மஞ்சள் கண்ணாடி போட்டுட்டு நடக்கறீங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாச்சு, அதனால தெரியல. நீலந்தான் முதல்ல போகும்."

பவர் அடிக்கடி மாறியதும் இதனால்தானாம்.

ஒரு பட்டியல். இந்த ஒரு வருடத்தில் நான் சந்தேகப்பட்டவர்கள்: கண்ணாடிக் கடைக்காரர். இஸ்திரிக்காரர். ஹாலில் மஞ்சள் பல்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று நான் திருப்பி அனுப்பிய எலெக்ட்ரீஷியன். பாலில் ஏதோ கலக்கிறார்கள் என்று நிறுத்திய பால் பூத். ஏழுமலை. மல்லிகா. இவர். இனியா. பாய். ஒருவர்கூட என்னை ஏமாற்றவில்லை. ஒருவரைக்கூட நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

வலது கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை பிப்ரவரியில். பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயம் அதைப் பற்றியல்ல.

பிடுங்கிப் போட்ட எட்டும் ஊதா. அகராதியை எடுக்கவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

ஜோஷியிடம் போனேன். கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், சொந்தக் காரணங்களுக்காக.

"என்ன காரணம்?"

"சொந்தக் காரணம்."

நாற்காலியில் சாய்ந்தார். "மேடம், கடிதம் ஃபைலுக்குப் போயாச்சு. அஜெண்டா எல்லா வீட்டுக்கும் போயாச்சு. காரணம் சொல்லாம வாபஸ் வாங்கினா எல்லாரும் என்ன நினைப்பாங்க? அந்த ஆள் வந்து கால்ல விழுந்தான், நம்ம மேடத்துக்கு மனசு இளகிடுச்சு, அவ்வளவுதான். தப்பு நடக்கலைன்னு யாரும் நினைக்க மாட்டாங்க." பேனாவால் மேசையைத் தட்டினார். "எனக்கு அதுவும் சரிதான்."

கெட்டிக்காரர். வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லி நழுவ நினைத்தேன். அதையும் அவர் கணக்கில் எடுத்துவிட்டார்.

எனக்கு வேண்டியது: ஏழுமலையின் வேலை நிலைக்க வேண்டும், என் கண்ணைப் பற்றி யாருக்கும் தெரியக் கூடாது. இரண்டும் சேர்ந்து கிடைக்குமா என்று மாலை முழுவதும் யோசித்தேன். இவரிடம் கேட்டேன்.

"கிடைக்காது புள்ள," என்றார். உற்றுப் பார்த்துத்தான் சொன்னார்.

ஜனவரி 4, ஞாயிறு

கூட்டம் 11 மணிக்கு, பார்க்கிங்கில். பிளாஸ்டிக் நாற்காலி. முப்பது பேருக்கு மேல். ஏழுமலை தூணோரம் நின்றிருந்தார், சலவைச் சட்டை. மல்லிகாவும் வந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஜோஷி கடிதத்தை ஆங்கிலத்தில் படித்தார். என் வாக்கியங்கள் அவர் வாயில் நன்றாகவே ஒலித்தன. அதுதான் கொடுமை.

எழுந்தேன். ஆங்கிலத்தில் தயார் செய்திருந்தேன். தூணோரம் நிற்பவருக்கு அது புரியாது. இந்தியில் பேசினேன், ஆண்பால் பெண்பால் எல்லாம் தப்பாக. எனக்குக் கண்ணில் புரை. நீலம் தெரிவதில்லை. செடிகள் சரியானவை. தப்பு என்னுடையது. எட்டுச் செடிகளைப் பிடுங்கியதும் நான்தான்.

பிறகு ஐந்தாம் மாடிக்காரர் எழுந்து நின்று சட்டையை இழுத்துக் காட்டினார்: "மேடம், இது என்ன கலர்?" எல்லோரும் சிரித்தார்கள். தேஷ்பாண்டே பாய் திரும்பி மராட்டியில் ஒரு கத்துக் கத்தினார். ஐந்தாம் மாடிக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

ஏஜென்சிக்குக் கை தூக்கியவர்கள் போதவில்லை. ஏழுமலை இருப்பார். ஜோஷி, முகம் மாறாமல், அடுத்த தீர்மானம்: தோட்டப் பொறுப்பாளர் இனிச் செடி வாங்க வேறு இரண்டு உறுப்பினர்களின் ஒப்புதல் பெற வேண்டும். அதற்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. என்னுடையதும்.

முடிந்ததும் ஏழுமலையிடம் போனேன். தமிழில் மன்னிப்புக் கேட்டேன். செய்தி வாசிப்பது போலத்தான் வந்தது.

அவர் கேட்டது வேறு. "அந்தச் சிட்டி ஃபைல்ல கீதே மேடம். அத இன்னா பண்ணுவீங்க?"

ஜோஷியைக் கேட்டேன். கிழிக்க முடியாதாம், பதிவு. வேண்டுமானால் இன்னொரு கடிதம் எழுதி அதன் மேலே குத்தி வைக்கலாம். அங்கேயே எழுதினேன். ஏழுமலை பக்கத்தில் நின்று, பின் குத்தும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னிய நம்பி டீ போட்டேன் பாரு," என்றார் மல்லிகா, என்னைக் கடந்து போகும்போது. ஒருமையில்.

ஜனவரி 10, சனி

காலை வெயில். குளிர் மறுபடி. இட்லி மாவு புளிக்கவில்லை.

சுவரோர இடைவெளிக்குச் செடி வந்துவிட்டது. இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்திட்ட பட்டியல்படி. பாய் ஒருவர், இன்னொருவர் ஐந்தாம் மாடிக்காரர். கீழே போனேன். ஏழுமலை ட்ரேக்களைச் சுவரோரம் வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு காவலாளி. மடியில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று, கோடு போட்டது.

"இது எதற்கு?"

"இனிமே எல்லாம் எழுத்துல மேடம். நீங்கதான் கத்துக் குடுத்தீங்க."

எரிச்சலாகச் சொல்லவில்லை. தண்ணீர் விட வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"இதுங்கள்ள ஒண்ணொண்ணும் உங்களுக்கு இன்னா கலரா தெரியுதோ, இங்கியே சொல்லணும். வாட்ச்மேன் சாட்சி. அப்புறம் மாறிச்சுன்னா என்னிய கேக்கக் கூடாது."

"நீங்களே சொல்லுங்கள், ஏழுமலை. எழுதிக்கொள்கிறேன்."

"நான் சொன்னா நம்புவீங்களா?"

நம்புவேன் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அவரை அந்த மாதிரிப் பார்த்தது நினைவிருக்கிறது, எந்தத் தேதி என்பதுகூட.

"வேணாம். நீங்களே சொல்லுங்க."

முதல் ட்ரே. கிரீமாகத் தெரிகிறது, அப்படியானால் வெள்ளை என்றேன். "கிரீமா தெரியுது" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டாவது, சாம்பல். எழுதினேன். மூன்றாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வலது கண்ணால் பார்த்தேன், இடது கண்ணால் பார்த்தேன்.

"தெரியவில்லை."

"தெரியலன்னு எழுதுங்க. தேதி போடுங்க."

போட்டேன். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, மூடி, சட்டைக்குள் செருகிக்கொண்டு செடிகளை நடத் தொடங்கினார்.